மூலநோயும் மூடிவைத்த வாயும்

தலைவலி வந்தால் ஊரறியச் சொல்லுகிறோம். காய்ச்சல் வந்தால் அடுத்த வீட்டாரும் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றனர். ஆனால், மூலநோய் கண்டவரோ தம் வீட்டாருக்குங்கூடச் சொல்லாது மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றார். மருதமுனையில் தறியின்முன் அமர்ந்திருக்கும் நெசவாளியாயினும், கல்முனைக் கடைத்தெருவில் காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழாத வணிகராயினும், சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுப்பவராயினும், இவ்விஷயத்தில் எல்லோரும் ஒரு தன்மையரே. பெண்களின் நிலையோ இதனினும் பரிதாபம். வியாதியைக் காட்டிலும் இந்த மௌனமே மிகுதியான கேட்டை விளைவிக்கின்றது. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மூலம் என்பது யாது?

ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தநாளங்கள் நிறைந்த மென்மையான மெத்தைகள் மனிதர் அனைவருக்கும் உண்டு. மலமும் வாயுவும் தாமாக வெளியேறாது காக்க இவை துணைபுரிகின்றன. இவை வீங்கிச் சரியும்பொழுதே மூலம் என்கிறோம். நாட்பட்ட மலச்சிக்கல், முக்கி மலங்கழித்தல், ஓயாத வயிற்றோட்டம், கர்ப்ப காலம், முதுமை ஆகியவை இதற்கு வழிகோலுவன. மலகூடத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பதும் தீது. கைத்தொலைபேசியை உள்ளே கொண்டு செல்லும் இக்காலத்து இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

உள்மூலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. மலத்துடன் சிவந்த இரத்தம் சொட்டுவதே அதன் அடையாளம். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால், நீலநிறமான கட்டியொன்று திடீரெனத் தோன்றிக் கடுமையாக வலிக்கும். முதல் 2, 3 நாட்களில் வேதனை மிகுந்து, பின்னர் படிப்படியாகத் தணியும். அந்த முதல் 3 நாட்களுக்குள் வைத்தியரிடம் சென்றால், வேண்டுமாயின் சிறு சத்திரசிகிச்சையால் கட்டியை அகற்றி விரைவில் நிவாரணம் அளிக்கக்கூடும்.

வலிப்பதெல்லாம் மூலம் அன்று. மலங்கழிக்கும்பொழுது கத்தியால் அறுப்பதுபோல் வலித்தால் அது ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பாக இருக்கலாம். காய்ச்சலுடன் விண்விண் என்று தெறித்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். இவற்றுக்கு வேறு சிகிச்சை உண்டு.

முன்னோர் கண்ட வழி

இந்நோய் புதியதன்று. ஆயுர்வேத ஆசிரியரான சுஸ்ருதர் இதற்கு மருந்து, காரம், சூடு, சத்திரம் என நால்வகைச் சிகிச்சை கூறினார். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத வைத்தியர் மூஸா இப்னு மைமூன் மூலநோய் பற்றி அரபு மொழியில் தனி நூலொன்றே இயற்றினார். உயர்குடி இளைஞர் ஒருவர் பொருட்டு எழுதப்பெற்ற அந்நூலில், உணவைத் திருத்தி மலச்சிக்கலைப் போக்குவதையே அவர் முதன்மையாக வைத்தார். கத்தியை எடுப்பதில் மிக எச்சரிக்கையாயிருந்தார். இன்றைய வைத்தியமும் ஏறக்குறைய இவ்வரிசையிலேயே செல்கின்றது.

வீட்டில் செய்யத்தக்கவை

அகன்ற பேசின் ஒன்றில் இளஞ்சூடான நீரை நிரப்பி, அதில் 10 முதல் 15 நிமிடம் வரை அமர்ந்திருத்தல் வேதனையைத் தணிக்கும். நாளொன்றுக்கு 2, 3 முறையும், மலங்கழித்த பின்னரும் இதனைச் செய்யலாம். நீர் சுடக்கூடாது, உப்போ கிருமிநாசினியோ சேர்க்க வேண்டுவதில்லை. பின்னர் மெல்லிய துணியால் தேய்க்காது ஒற்றி எடுக்க வேண்டும். வீக்கம் மிகுந்திருப்பின், பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வைக்கலாம். நீரால் கழுவும் நமது வழக்கம் மிகவும் நன்று; காகிதத்தால் தேய்ப்பதே புண்ணாக்கும்.

வலி தாளாவிடில் பரசிட்டமோல் மாத்திரையை உரிய அளவில் உட்கொள்ளலாம். இரத்தம் போகும்பொழுது தாமாக அஸ்பிரின் உட்கொள்ளலாகாது. ஆயினும், இருதய நோய்க்காக வைத்தியர் கொடுத்த அஸ்பிரினை அவரைக் கேளாது நிறுத்தவும் கூடாது. ஸ்டீரொய்ட் கலந்த பூச்சு மருந்துகளை ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்து பூசுதல் தோலை மெலியச் செய்யும்.

நிலையான பரிகாரம் அடுக்களையில் இருக்கின்றது. மேற்கே விரிந்துள்ள வயல்களின் நெல்லைத் தவிடு நீங்கத் தீட்டி, வெள்ளைச் சோறும் மாட்டிறைச்சியும் பொரித்த மீனுமாகவே உண்டு, கீரையை ஓரத்தில் ஒதுக்கினால் குடல் எவ்வாறு இளகும்? தவிடு நீங்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, வாழைப்பூ, பப்பாளி, கொய்யா ஆகியவை நார்ச்சத்து மிக்கவை. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும். இதனைச் சிறிது சிறிதாகவே கூட்டி, நீரையும் தாராளமாகப் பருகுதல் வேண்டும். நோன்பு மாதத்தில் நோன்பு துறந்தது முதல் ஸஹர் வரை இடைவிட்டு இடைவிட்டு நீரருந்துவதும், கஞ்சியுடன் பழத்தையும் சேர்த்துக்கொண்டு, பொரித்த பண்டங்களைக் குறைப்பதும் நலம். மலம் கழிக்கும் உணர்வு வந்ததும் அடக்காது செல்லுங்கள், முக்காதீர்கள், ஐந்து நிமிடத்திற்குள் எழுந்துவிடுங்கள்.

வைத்தியசாலையில் நடப்பது

‘ஒரே நாளில் மூலம் விழும்’ என்று விளம்பரம் செய்து, ஊசி ஏற்றியும் காரமருந்து வைத்தும் பணம் பறிப்போர் உண்டு. தகுதியற்றோர் கையில் அச்சிகிச்சையால் சதை வெந்து, ஆசனவாய் சுருங்கி, வாழ்நாள் முழுதும் துன்புறுவோரும் உளர். தகுதி பெற்ற வைத்தியரையே நாடுங்கள். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

வைத்தியர் கையுறை அணிந்து விரலாலும், சிறு குழாய்க் கருவியாலும் பரிசோதிப்பார். அது சில நிமிட வேலை. பெண்கள் தாதியொருவர் உடனிருக்கும்படி கேட்கலாம். உணவாலும் மருந்தாலும் அடங்காத உள்மூலத்திற்கு, அதன் அடியில் சிறிய இறப்பர் வளையத்தை மாட்டிவிடுவர். இரத்தம் செல்லாது அது சுருங்கி, சுமார் பத்து நாட்களில் தானே உதிரும். 1963இல் அமெரிக்க வைத்தியர் பரன் பரவச் செய்த முறை இது. உள்மூலம் இருக்குமிடத்தில் வலியுணர்வு குறைவாதலால் மயக்கமருந்து தேவையில்லை. மிகப் பெரிதாகித் தொங்குவனவற்றுக்கே சத்திரசிகிச்சை. 1937இல் இலண்டன் வைத்தியர்களான மில்லிகனும் மோர்கனும் விளக்கிய முறை இன்றும் கையாளப்படுகின்றது. அதன்பின் சில வாரம் வலி இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அசட்டை செய்யலாகாதவை

இனி நாம் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர். பெருங்குடற் புற்றுநோயும் இரத்தப் போக்காகவே தன்னைக் காட்டக்கூடும். “மூலந்தானே” என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தவர், பிடிபடும் காலம் கடந்தபின் வைத்தியசாலைக்கு வருவதுண்டு. தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. ஆகவே, நாற்பது வயதைக் கடந்தவருக்கு முதன்முறையாக இரத்தம் போனாலும், எவ்வயதிலும் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தாலும், மலங்கழிக்கும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலும், உடல் மெலிந்தாலும், இரத்தச்சோகையால் களைத்து மூச்சு வாங்கினாலும், குடும்பத்தில் ஒருவருக்குக் குடற் புற்றுநோய் இருந்திருந்தாலும் தாமதியாது காட்ட வேண்டும். இரத்தம் நிற்காது பெருகினாலும், மலம் தார்போல் கறுத்தாலும், காய்ச்சலுடன் வலி கூடினாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

இல்லத் தலைவியரே, உங்கள் கணவர் அமரும்பொழுது முகஞ்சுளிப்பதைக் கண்டால் கேளுங்கள். கணவன்மாரே, மகப்பேற்றின்பின் மனைவி மௌனமாய் வேதனைப்படுகின்றாளா என்று நீங்களும் விசாரியுங்கள். மாணவர்களே, உங்கள் வாப்பாவோ உம்மாவோ சொல்லக் கூசினால், இக்கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். உடலின் எவ்வுறுப்புக்கு நோய் வந்தாலும் அது நோயேயன்றிக் குற்றமன்று. வைத்தியர்முன் ஐந்து நிமிடம் கூசுவதால் ஒருவருடைய உயிரே காப்பாற்றப்படலாம் அன்றோ?