தரங்கம்பாடியில் ஒரு நடை

இலுப்பூரிலிருந்து சென்ற நாம், தரங்கம்பாடியின் 1792-ஆம் ஆண்டு நகர வாயிலில் இறங்கி, ராஜ வீதி வழியே கடலை நோக்கி நடந்தோம். தெருமுனையில் 1620-இல் டேனிஷ்காரர் எழுப்பத் தொடங்கிய கோட்டை. 1706-இல் வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கு இங்கேதான் நான்கு மாதம் சிறையிருந்தார். அனுப்பியவர் டேனிஷ் மன்னர், அடைத்தவரோ இங்கிருந்த டேனிஷ் அதிகாரி! விடுதலையான பின் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை நிறைவுசெய்து, 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். (1578-இலேயே இயேசு சபை ஹென்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டதையும் நாம் மறக்கலாகாது.) 1718-இல் எழுந்த எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்கின் கல்லறை உள்ளது. நாம் கத்தோலிக்கர், ஆயினும் அங்கே சற்று நேரம் மௌனமாக நின்றோம்.

கோட்டைக்கு வடக்கே பாண்டியர் கால மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. இன்று பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள்.