சம்பளம் கொஞ்சம், ஊர் தூரம்

குறைந்த கூலிக்காக ஊரை விட்டு வரலாமா? மும்பை சீத்தா கேம்ப் தமிழர்களுக்குப் பழகிப்போன கேள்வி. அவர்களுடைய குடியிருப்பின் கதையிலேயே அதற்கான பதிலில் பாதி இருக்கிறது.

ஊரிலிருந்து அந்தத் தொலைபேசி எப்போது வேண்டுமானாலும் வரும். தம்பி படிப்பை முடித்துவிட்டான், அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா? மும்பையின் கிழக்குக் கோடியில், டிராம்பேயில், கடற்கழியை ஒட்டியிருக்கும் சீத்தா கேம்பில் குடியிருக்கும் அண்ணனோ மாமாவோ உடனே பதில் சொல்லிவிட முடியாது. வேலை இருக்கிறது. கடையில், கிடங்கில், கட்டட வேலையில் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சம்பளம்தான் குறைவு. அதை நம்பி ஒருவனை வரச் சொல்லலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் மாதம் 12,000 ரூபாய், மும்பையில் 17,000 என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் லாபம் போலத் தோன்றும். தனியாக அறை எடுத்தால் வாடகையும் சாப்பாடும் ரயில் பாஸும் அந்த ஐயாயிரத்தை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். அறைக்கான முன்பணம் தனி. போதாததற்கு, ஊரில் சம்பளத்தில் சேராத வரவுகள் உண்டு. சொந்தக் கூரைக்கு வாடகை கிடையாது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் தமிழக அரசு இலவச அரிசி தருகிறது. ரயில் ஏறும்போது இவற்றையும் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஆனால் அண்ணன் வீட்டில் பாய் விரிக்க இடம் கிடைத்துவிட்டால் கணக்கு தலைகீழ். ஐயாயிரத்தில் பெரும்பகுதி மிஞ்சி ஊருக்குப் போகும். உண்மையில் முதலாளி கொடுக்காத சம்பளத்தைத்தான் அந்த வீடு கொடுக்கிறது. இன்னொருவருக்குச் சேர்த்துத் தண்ணீர் பிடிப்பதும், விடியும் முன்பே டிபன் கட்டுவதும் அண்ணியின் வேலை. வருகிறவன் போடும் கணக்கில் அண்ணியின் உழைப்பு வருவதே இல்லை.

இந்தக் கணக்கை முன்பே போட்டவர்களில் ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963இல், இருபது வயது ஆவதற்கு முன்பே, தச்சு வேலை செய்து பிழைக்கலாம் என்று பம்பாய் வந்தார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனிதான் அவருக்கு அடைக்கலம். ஆரம்பத்தில் திறந்தவெளியில்தான் படுக்கை. கூலிக்காக வந்த அந்தத் தச்சர் சில ஆண்டுகளில் காலனியின் தலைவராகிவிட்டார்.

அதற்குள் காலனிக்கே ஆபத்து வந்தது. நகரின் மையப்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்காக உருவான அந்தக் காலனி இருந்த நிலம் அணுசக்தி நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. அற்புதத்தின் தலைமையில் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். நெருக்கடி நிலை காலத்தில் போராட்டம் முடிந்தது. 1976 மே 17 அன்று போலீஸ் காவலுடன் ஜனதா காலனி காலி செய்யப்பட்டது. சுமார் 70,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சில கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுப்பு நிலம். குடும்பத்துக்கு 10 அடிக்கு 15 அடி. சீத்தா கேம்ப் அப்படித்தான் பிறந்தது.

நகர வரைபடத்தில் சில கிலோமீட்டர் பெரிய தூரம் இல்லை. தினக்கூலிக்காரருக்கு அது வேறு விஷயம். குடிசைதான் இடம் மாறியது. வேலை, பழைய வாடிக்கை, கடன் கொடுக்கும் கடை எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. நடந்து போன வேலைக்குப் பஸ் கட்டணம் வந்தால் கூலி குறைந்ததாகத்தான் அர்த்தம். பழைய வேலையை விடாமல் அலைவதா, பக்கத்தில் கிடைக்கும் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வதா என்ற கேள்வியை மக்களாகத் தேடிப் போகவில்லை. அரசு அவர்கள் மீது சுமத்தியது.

அற்புதம் விட்டுவந்த தங்கவயலிலும் பின்னர் இதே கேள்வி எழுந்தது. அங்கே வந்த பதில் வேறு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி பெங்களூரை நோக்கித் திரும்பினார்கள். ஆனால் பலர் அங்கே குடிபோகவில்லை. மாரிகுப்பத்தில் அதிகாலை ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போய் வேலை செய்துவிட்டு, இரவு பழைய சுரங்கக் குடியிருப்புக்குத் திரும்புகிறார்கள். பெங்களூர் வாடகை அவர்கள் சம்பளத்தைத் தின்றுவிடும். ரயில் அவர்களுடைய தூக்கத்தைத் தின்கிறது. இரண்டில் எதை இழப்பது என்பதுதான் அவர்கள் எடுத்த முடிவு.

சீத்தா கேம்புக்குக் காலம் சில வாசல்களைத் திறந்தது. 1992இல் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் நவி மும்பையின் சந்தைகளும் அலுவலகங்களும் எட்டும் தூரத்துக்கு வந்தன. அற்புதம் தொடங்கிய தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. அவருக்கு 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் அவர் காலமானார்.

ஆனாலும் வந்து சேர்ந்தால் விடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீத்தா கேம்ப் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டுக்கான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடத்தில் இருந்தது. புதிதாக வருகிறவரின் வயிற்றுவலியும் காய்ச்சலும் செலவுக் கணக்கில் வரும். காகிதமும் முக்கியம். 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அடையாளச் சீட்டு கொடுத்ததிலிருந்து, மாற்று வீடு வேண்டுமென்றால் இந்தத் தேதிக்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது மும்பையின் சட்டம். நேற்று வந்தவரிடம் அது இருக்காது.

ஆகவே தம்பிக்குச் சொல்லும் பதிலில் சம்பளத் தொகை மட்டும் இருந்தால் போதாது. படுக்கும் இடத்திலிருந்து வேலைக்கு எத்தனை நேரம்? அந்த இடம் எத்தனை மாதத்துக்கு? வேலை கற்றுக்கொடுக்குமா, ஐந்து வருடம் கழித்தும் அதே சம்பளம்தானா? சோறு போடப்போகும் அண்ணிக்குச் சம்மதமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால், குறைந்த சம்பளத்துக்கும் வரலாம். ஊரில் இருக்கும் வேலையையோ நிலத்தையோ அறுத்துக்கொண்டு வராமல் இரண்டு மாதம் இருந்து பார்க்கலாம். முதல் சம்பளத்தில் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவைப்பது நல்லது.