அலமாரியில் பூட்டே இல்லை

ஒரு அடுக்ககத்துச் சங்கம் தனக்கென்று இணையதளம் வைத்திருக்கிறது என்று கொள்வோம். தளம் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங்கில்; அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான ஏற்பாட்டில். அதற்குள் ‘கணக்கு’ என்று ஒரு ஃபோல்டர். வரவு செலவு பிடிஎஃப்கள், குடியிருப்பவர்களின் போன் நம்பர் பட்டியல் எல்லாம் அங்கே. வீட்டுக்காரர்கள் பார்க்கலாம், வெளியாள் பார்க்கக் கூடாது. எப்படி?

முதலில் தோன்றுவது, எந்தப் பக்கத்திலும் அதற்கு லிங்க் கொடுக்காமல் விட்டுவிடுவது. அது போதாது. முகவரி ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் எங்கெல்லாம் போகும் என்று நமக்கே தெரியும். போதாக்குறைக்கு, ஃபோல்டரில் முகப்புப் பக்கம் இல்லையென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் சர்வர்களும் உண்டு. ஆகவே பாஸ்வேர்டு வைப்போம்.

வைப்பது சுலபம். ஷேர்டு ஹோஸ்டிங் விற்பவர்களில் பலர் தரும் சிபேனல் என்ற நிர்வாகத் திரையில் ‘டைரக்டரி பிரைவசி’ என்று ஒன்று இருக்கும். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு கட்டத்தில் டிக் போட்டு, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துச் சேமித்தால் முடிந்தது. இனி அந்த முகவரிக்கு யார் போனாலும் பிரவுசர் ஒரு சிறிய பெட்டியைத் திறந்து அவற்றைக் கேட்கும்.

இங்கேதான் நம் எல்லாருக்கும் ஒரு தப்பான எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது: ‘ஃபோல்டரைப் பூட்டிவிட்டோம்.’ உண்மையில் ஃபோல்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பிடிஎஃப்கள் நேற்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் டிஸ்க்கில் கிடக்கின்றன.

அப்படியானால் நடந்தது என்ன? பழைய தாலுகா அலுவலகத்து ஆவண அறையை நினைத்துக்கொள்வோம். நாம் உள்ளே போக முடியாது. ஜன்னலில் நின்று கேட்டால் ஊழியர் எடுத்துக் கொடுப்பார். இணையத்தில் அந்த ஊழியரின் வேலையைப் பார்ப்பது அப்பாச்சி போன்ற வெப்சர்வர் மென்பொருள். நாம் செய்ததெல்லாம் ஓர் அலமாரியில் சீட்டு ஒட்டியதுதான்: ‘இதிலிருந்து எதைக் கேட்டாலும், பெயரையும் ரகசியச் சொல்லையும் சரிபார்த்துவிட்டுக் கொடு.’ ஊழியர் சீட்டின்படி நடக்கிறார். அலமாரியில் பூட்டே இல்லை.

அந்தச் சீட்டை நாம் திறந்தே பார்க்கலாம். ஃபோல்டருக்குள் ‘எச்டிஆக்சஸ்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி இருப்பதால் கண்ணில் படாது. மறைந்திருப்பவற்றைக் காட்டும்படி ஃபைல் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அதில் முக்கியமானவை நாலே வரி. ‘ஆத்டைப் பேசிக்’ என்பது கேட்கும் முறையைச் சொல்கிறது. ‘ஆத்நேம்’ அலமாரியின் பெயர்; பெட்டியில் காட்டுவதற்காக வைத்தது, ஆனால் இன்று குரோம் போன்ற பிரவுசர்கள் அதைக் காட்டுவதில்லை. ‘ஆத்யூசர்ஃபைல்’ ஆட்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்கிறது. ‘ரிக்வயர் வேலிட்-யூசர்’ என்றால் பட்டியலில் உள்ள எவரும் வரலாம் என்று பொருள். உள்ளே கிளை ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றுக்கும் இதே சட்டம்தான்.

ஆட்களின் பட்டியல் தனி ஃபைல். அது தளத்தின் பக்கங்கள் இருக்கும் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும். சிபேனல் தானாகவே அப்படித்தான் வைக்கிறது. ஆளுக்கு ஒரு வரி: பெயர், முக்காற்புள்ளி, பிறகு படித்தால் புரியாத நீளமான எழுத்துக்கோவை. அதற்கு ஹாஷ் என்று பெயர். பாஸ்வேர்டிலிருந்து அந்தக் கோவையைக் கணக்கிடலாம். கோவையிலிருந்து பாஸ்வேர்டைத் திருப்பிக் கணக்கிட வழியில்லை. இதிலும் நல்லது கெட்டது உண்டு. பிகிரிப்ட் நல்ல முறை. பழைய கிரிப்ட் முறையோ முதல் 8 எழுத்துகளை மட்டும்தான் பார்க்கும். அதற்குப் பிறகு நாம் மெனக்கெட்டுச் சேர்த்த எண்ணும் குறியும் வீண்.

இனி ஜன்னலுக்கு வருவோம். இந்த ஊழியருக்கு மறதி அதிகம். ஒரு பிடிஎஃப் கொடுத்த அடுத்த நொடியே, எதிரில் நிற்பது யாரென்று அவருக்குத் தெரியாது. முதல் தடவை வெறுங்கையோடு கேட்டால் 401 என்ற எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். ‘யாரென்று சொல்’ என்பதற்கான குறி அது. பிரவுசர் நம்மிடம் ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு, அதன்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் மறுபடி மறுபடி சொல்கிறது. நாம் ‘லாகின்’ ஆகவே இல்லை. லாக்அவுட் பட்டன் எங்கே என்று தேடுபவர்களுக்கு அது கிடைக்காததற்கும் இதுவே காரணம். பிரவுசரை முழுதாக மூடினால் பொதுவாக மறந்துவிடும்.

அப்படிச் சொல்வதை ரகசியமாகச் சொல்கிறதா? இல்லை. பேஸ்64 என்ற எழுத்துமாற்றம் மட்டும் செய்கிறது. அது பூட்டல்ல, எழுதும் வடிவம். யார் வேண்டுமானாலும் நொடியில் திருப்பிப் படிக்கலாம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளைச் சொல்லும், 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு: பெயர் அலாதீன், பாஸ்வேர்டு ‘திறந்திடு சீசேம்’. (அந்தச் சொல் அலிபாபா கதையைச் சேர்ந்தது. இணையத்துக்கே இலக்கணம் எழுதியவர்கள் குகையை மாற்றிவிட்டார்கள்.) ஆக, வழியில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காப்பது, பேச்சு முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் ஒன்றுதான். அது இல்லாத தளத்தில் இந்தப் பாஸ்வேர்டை வைப்பது, வைக்காததற்குச் சற்றே மேல், அவ்வளவுதான். எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய இலவசச் சான்றிதழ் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

பூட்டு இல்லை என்பது புரிந்தால் மற்றவை தாமே விளங்கும். ஜன்னல் வழியாக வராதவர்களுக்குச் சீட்டு பொருட்டே அல்ல. தளத்துக்கு ஃபைல் ஏற்றும் எஃப்டிபி பாஸ்வேர்டு வைத்திருக்கும் பழைய வெப் டிசைனர் நேராக உள்ளே போவார். வேறொரு ஃபோல்டரில் இருக்கும் பிஎச்பி நிரல், டிஸ்க்கிலிருந்து அதே பிடிஎஃப்பைப் படித்து வெளியே நீட்ட முடியும். பேக்அப் ஜிப் ஒன்றைப் பொது ஃபோல்டரில் மறந்து விட்டுவைத்திருந்தால் கதை முடிந்தது. எல்லா ஊழியருக்கும் இந்தச் சீட்டைப் படிக்கத் தெரியும் என்றும் எண்ண வேண்டாம். லைட்ஸ்பீட் சர்வர் படிக்கும், என்ஜின்எக்ஸ் படிக்காது. என்ஜின்எக்ஸ் மட்டும் ஓடும் இடத்துக்குத் தளத்தை மாற்றினால், சீட்டு ஒட்டியபடியே இருக்கும், பிடிஎஃப்கள் கேட்டவருக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே சோதித்துவிட வேண்டும். இன்காக்னிடோ ஜன்னலில் ஃபோல்டரின் முகவரியை மட்டுமல்ல, ஒரு பிடிஎஃப்பின் முழு முகவரியையும் அடித்துப் பார்க்கலாம். பெட்டி வந்தால் சரி. பாஸ்வேர்டு கொடுத்ததும் 500 என்று பிழை வந்தால், பெரும்பாலும் பட்டியல் ஃபைலின் பாதை தப்பு. முதன்மைத் தளம் வேர்ட்பிரஸ்ஸாக இருந்து, பெட்டிக்குப் பதில் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 வந்தால், சீட்டில் ‘எரர்டாக்குமென்ட் 401 டிஃபால்ட்’ என்று ஒரு வரி சேர்த்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, பாஸ்வேர்டு கொடுக்கும் விதம். எல்லா வீட்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்று வைக்கத்தான் கை போகும். வீட்டுக்கு ஒன்றாக வைப்பதே மேல். ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால், அவருடைய வரியை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். ஊழியர்தான் ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பார்க்கிறாரே. காலி செய்தவர் அடுத்த ஃபைலைக் கேட்கும்போதே 401 வந்துவிடும்.