கணினி காட்டும் கணக்கு

நுழையும்முன்

வன்தட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு ஒன்று. கணினித் திரையில் தெரியும் கொள்ளளவு வேறொன்று. கோப்புகளை நீக்கிய பின்னரும் காலியிடம் கூடாதிருத்தல் உண்டு. காலியிடம் குறை எண்ணாகத் தோன்றிய காலமும் இருந்தது. இத்தகைய முரண்களைக் காண்போர் கருவி பழுதுற்றது என்றோ விற்பவர் ஏமாற்றினார் என்றோ கருதிவிடுகின்றனர். கணினி தரும் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஓர் அளவை, ஓர் எண்ணும் முறை, ஓர் எல்லை ஆகிய மூன்றும் உள்ளன. அவற்றை அறிந்தால் முரண் விளங்கும்.

காணாமற்போன 69

குடும்ப விழாக்களின் நிழற்படங்களைச் சேமித்து வைப்பதற்காக ஒருவர் 1 டெராபைட்டு வன்தட்டு ஒன்றை வாங்குகிறார். ஒரு டெராபைட்டு என்பது ஆயிரம் ஜிகாபைட்டு என்பது அவர் கற்றது. வன்தட்டை விண்டோஸ் கணினியில் இணைக்கிறார். இன்னும் ஒரு படத்தைக்கூடச் சேமிக்கவில்லை. திரையோ 931 ஜிகாபைட்டு என்று காட்டுகிறது. மீதி 69 எங்கே போயிற்று?

உண்மையில் எதுவும் போகவில்லை. வன்தட்டில் ஓர் இலட்சம் கோடி பைட்டுகளுக்கு உரிய இடம் அப்படியே இருக்கிறது. உறையில் அச்சிட்டவர் ஓர் அளவையால் அளந்தார்; கணினி மற்றோர் அளவையால் அளந்தது. ஒரே நெற்குவியலைச் சிறுபடியால் அளந்தால் ஓர் எண்ணும் பெரும்படியால் அளந்தால் வேறோர் எண்ணும் கிடைப்பதைப் போன்றது இது.

ஒரு பெயர், இரு அளவுகள்

‘கிலோ’ என்னும் முன்னொட்டு ஆயிரத்தைக் குறிக்கும். கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர். கிலோகிராம் ஆயிரம் கிராம். கணினியோ 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு இயங்குவது. எனவே 2, 4, 8, 16 என இரண்டின் அடுக்குகளே அதன் நினைவகத்திற்கு இயல்பானவை. இரண்டின் பத்தாம் அடுக்கு 1,024. அது ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால், தொடக்ககாலக் கணினி வல்லுநர்கள் 1,024 பைட்டுகளையும் கிலோபைட்டு என்றே அழைத்தனர். அளவுகள் சிறியனவாக இருந்த காலத்தில் இவ்வழக்கம் பெரும் இடையூறாகவில்லை.

கொள்ளளவு பெருகப் பெருக வேறுபாடும் பெருகியது. கிலோ நிலையில் 2.4 விழுக்காடாக உள்ள வேறுபாடு, மெகா நிலையில் ஏறத்தாழ 4.9 ஆகவும் ஜிகா நிலையில் 7.4 ஆகவும் டெரா நிலையில் 10 ஆகவும் உயர்கிறது. வன்தட்டு உற்பத்தியாளர்கள் 100 கோடி பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டு என்கின்றனர். விண்டோஸ் இயக்க அமைப்போ 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கிறது. ஓர் இலட்சம் கோடியை இவ்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் ஈவு 931.32. திரையில் தெரிந்த எண் இதுவே.

இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டுப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998ஆம் ஆண்டில் இரண்டின் அடுக்குகளுக்குத் தனிப்பெயர்களை வகுத்தது. அதன்படி 1,024 பைட்டுகள் ஒரு கிபிபைட்டு. 1,024 கிபிபைட்டுகள் ஒரு மெபிபைட்டு. ஜிபிபைட்டு, டெபிபைட்டு ஆகியன அவற்றுக்கு மேற்பட்டவை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட இயக்க அமைப்பிலிருந்து ஆயிரத்தின் மடங்குகளிலேயே கணக்கிட்டுக் காட்டத் தொடங்கியது. ஆகவே, ஒரே வன்தட்டு ஒரு கணினியில் 1 டெராபைட்டாகவும் மற்றொன்றில் 931 ஜிகாபைட்டாகவும் தோன்றுகிறது. இரண்டும் சரியே, அளவையின் பெயரைத் தெளிவாகக் கூறாமையே குறை.

தெரிந்து தெளிவோம்

ஒரு காலத்தில் பெருவழக்கிலிருந்த நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு என்று குறிக்கப்பட்டது. அதில் இருந்தவை 14,74,560 பைட்டுகள். ஆயிரத்தின் மடங்கில் கணக்கிட்டால் இது 1.47, 1,024இன் மடங்கில் கணக்கிட்டால் 1.41. 1,024ஐ ஒரு முறையும் ஆயிரத்தை ஒரு முறையும் கலந்து வகுத்தால் மட்டுமே 1.44 கிடைக்கும்!

எழுத்தும் இடமும்

அளவையில் ஐயம் நீங்கினாலும், எதை எண்ணினோம் என்னும் வினா எஞ்சுகிறது. ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் தட்டச்சு செய்து ஒரு கோப்பாகச் சேமிப்பதாகக் கொள்வோம். நம் கண்ணுக்கு அதில் மூன்று எழுத்துகள். ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ஆதலின் கோப்பின் அளவு 15 பைட்டுகள்.

ஆனால், அக்கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால் ‘அளவு’ 15 பைட்டு என்றும் ‘வட்டில் எடுத்துக்கொண்ட அளவு’ 4,096 பைட்டு என்றும் இருவேறு எண்களைக் காணக்கூடும். கணினி தன் சேமிப்பகத்தைப் பைட்டு பைட்டாகப் பங்கிடுவதில்லை. குறிப்பிட்ட கொள்ளளவுடைய கொத்துகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பல கணினிகளில் ஒரு கொத்து 4,096 பைட்டுகளைக் கொண்டது. பொதுவாக, ஒரு கொத்து ஒரு கோப்புக்கே உரியது. 15 பைட்டே ஆயினும் கோப்புக்கு ஒரு முழுக் கொத்து வேண்டும். இத்தகைய ஆயிரம் கோப்புகளின் உள்ளடக்கத்தைக் கூட்டினால் 15,000 பைட்டுகள். அவை அடைத்துக்கொள்ளும் இடமோ 40,96,000 பைட்டுகள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, மிகச் சிறிய கோப்பின் உள்ளடக்கத்தைத் தன் பட்டியலிலேயே எழுதிக்கொள்கிறது. அதற்கெனத் தனிக் கொத்து ஒதுக்கப்படாமையால், வட்டில் அக்கோப்பு எடுத்துக்கொண்ட அளவு 0 பைட்டு என்று திரை காட்டும்.

நீக்கியும் நீங்காத இடம்

கோப்பை நீக்கியவுடன் இடம் கிடைத்துவிடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால், நீக்கப்பட்ட கோப்பு முதலில் மறுசுழற்சித் தொட்டியைச் சென்றடைகிறது. தொட்டியைக் காலி செய்யும்வரை இடம் விடுபடாது. லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் நீக்கினால், கோப்புறையிலிருந்து அதன் பெயர் மறையும். ஆயினும், அந்நிரல் கோப்பை மூடும்வரை இடம் விடுவிக்கப்படாது. கண்ணுக்குத் தெரியும் கோப்புகளைக் கூட்டிப் பார்ப்பவருக்குக் கணக்கு இடிக்கும்.

ஒரே கோப்புக்கு இரு கோப்புறைகளில் இரு பெயர்கள் அமைவதும் உண்டு. இரு வாயில்களைக் கொண்ட ஒரு வீட்டைப் போன்றது அது. வாயில்களை எண்ணுபவர் இரண்டு வீடுகள் என்பார். வீட்டை எண்ணுபவர் ஒன்று என்பார். கோப்புறைகளின் அளவுகளைத் தனித்தனியே கூட்டும்போது, வட்டில் உண்மையாகப் பயன்பட்ட இடத்தைவிடக் கூடுதலான எண் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணின் எல்லை

மூன்றாவது காரணம் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தின் எல்லை. ஐந்து இலக்கங்களை மட்டும் காட்டும் ஓடுமானி 99,999 கிலோமீட்டரைக் கடந்தவுடன் 00,000 எனக் காட்டும். ஊர்தி புதியதாகிவிடவில்லை, எழுத இடமில்லை, அவ்வளவே. கணினி நிரல்களிலும் இவ்வாறே நிகழ்கிறது. மிகை, குறை எண்களைக் குறிக்க 32 பிட்டுகளை ஒதுக்கினால், அதில் எழுதத்தக்க பேரெண் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. அதற்கு மேல் ஒன்று கூடினாலும் எண் குறைப்பக்கத்தின் கடைக்கோடிக்குத் தாவிவிடும்.

சிறு வட்டுகளின் காலத்தில் எழுதப்பட்ட சில நிரல்களைப் பின்னாளில் பெரிய வட்டுகளில் இயக்கியபோது இச்சிக்கல் வெளிப்பட்டது. 300 கோடி பைட்டுகள் காலியாக இருந்தால், அத்தகைய நிரல் அதனை ஏறத்தாழ 129 கோடி குறைவு எனக் கணக்கிடும். ‘போதிய இடமில்லை’ என்று நிறுவவும் மறுக்கும். இடம் மிகுந்திருந்ததே இடமில்லை என்ற விடைக்குக் காரணமாயிற்று. இக்காலத்தில் 64 பிட்டுகளைக் கொண்டு கணக்கிடுவதால் இக்குறை அரிதாகிவிட்டது.

செவ்வாய் தந்த பாடம்

சேமிப்பகத்தில் எவற்றையெல்லாம் கணக்கிட வேண்டும் என்பதை மறந்தால் நேரும் இடருக்கு விண்வெளி ஆய்விலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் நாசா அனுப்பிய ‘ஸ்பிரிட்’ என்னும் ஆய்வூர்தி 2004 சனவரித் தொடக்கத்தில் செவ்வாயில் இறங்கியது. அதே மாதம் 21ஆம் நாள் அதன் இயல்பான தகவல்தொடர்பு அறுந்தது. அதன் இணை ஊர்தியான ‘ஆப்பர்சூனிட்டி’ தரையிறங்கச் சில நாள்களே எஞ்சியிருந்தன. ஸ்பிரிட்டின் கணினி மீண்டும் மீண்டும் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தது. இரவிலும் உறங்காமையால் அதன் மின்கலம் வடிந்துகொண்டிருந்தது.

பொறியாளர்கள் காரணத்தைத் தேடிக் கண்டனர். ஊர்தியின் நிலையான சேமிப்பகத்தில் கோப்புகள் மிகப் பலவாகப் பெருகியிருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் ஓர் இடம் தேவை. அப்பட்டியலைக் கணினி தன் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்தது. கோப்புகளை நீக்கிய பின்னும் பட்டியல் சுருங்கவில்லை. நிலைச் சேமிப்பகம் 256 மெகாபைட்டு. தற்காலிக நினைவகமோ 128 மெகாபைட்டே. பட்டியல் வளர்ந்து, அதற்கென ஒதுக்கிய நினைவகம் போதாமற்போனது. கணினி தடுமாறி மறுதொடக்கம் செய்தது. மீண்டும் அதே பட்டியலைப் படிக்க முயன்று மீண்டும் தடுமாறியது.

கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து, நிலைச் சேமிப்பகத்தைத் தொடாமலே இயங்குமாறு கணினிக்கு ஆணை அனுப்பப்பட்டது. பின்னர்த் தேவையற்ற கோப்புகள் நீக்கப்பட்டுச் சேமிப்பகம் புதிதாக வடிவமைக்கப்பட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்பிரிட் மீண்டும் பணியைத் தொடங்கியது. 90 செவ்வாய் நாள்களுக்கெனத் திட்டமிடப்பட்ட அவ்வூர்தி 2010 மார்ச்சு வரை பூமியுடன் தொடர்பு கொண்டிருந்தது.

வினவுதலே தெளிவு

ஸ்பிரிட்டில் தரவின் அளவை மட்டும் பார்த்தவருக்குச் சிக்கல் புலப்பட்டிராது. கோப்புகளின் எண்ணிக்கையையும் பார்த்தபோதே அது விளங்கிற்று. வன்தட்டு வாங்கியவரின் ஐயமும் அளவை எது என்று கேட்டபோதே தீர்ந்தது. திரையில் தோன்றும் எண்ணை அப்படியே ஏற்பதும் பொய்யென்று தள்ளுவதும் எளியவை. எந்த அளவையால் அளந்தது, எதை எண்ணியது, எதுவரை எண்ண வல்லது என வினவுவோர்க்கே அவ்வெண் தன் பொருளைச் சொல்லும்.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள விரலி ஒன்றில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவையும் கணினி காட்டும் கொள்ளளவையும் குறித்து, வேறுபாட்டைக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.

2. உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, ஒருங்குறியில் அது எத்தனை குறியீடுகளைக் கொண்டது, யூடிஎஃப்-8 முறையில் எத்தனை பைட்டுகளாகும் எனக் கண்டறிக.

3. ‘ஒரே பொருள், இரு கணக்குகள்’ என்னும் தலைப்பில், அன்றாட வாழ்வில் அளவைகளால் நேரும் குழப்பங்களைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.