உஷார்! போர் மாறினால் ப்ளோடவுனும் மாறணும்

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் பிடுங்கிய குச்சிக்கிழங்கு மலையிறங்கி ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு வருகிறது. அரவை ராப்பகலாய் ஓடும்போது போர்க் கிணற்றில் தண்ணீர் கீழே போகும். உடனே தோட்டத்துப் பழைய போரிலிருந்து ஒரு லைன் இழுப்பார்கள், இல்லையென்றால் டேங்கர் வரும். நைலான் ஜவ்வரிசிக்கு ஆவி எடுக்க பாய்லர் வைத்திருப்பவர்களே, ஆபத்து தொடங்குவது அங்கேதான். தண்ணீர் மாறிவிட்டது. பாய்லரில் உப்பேறிய தண்ணீரை வெளியே விடும் ப்ளோடவுனை மட்டும் பழைய வழக்கப்படியே அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

ஆவியாய்ப் போவது வெறும் நீர். கரைந்திருக்கும் உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். குழம்பு சுண்டச் சுண்டக் கரிக்கிற கதைதான். சிறிய ஷெல் பாய்லருக்குள் இந்தக் கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், 3,000 முதல் 3,500 பிபிஎம் வரை போகலாம் என்பது பொதுவான வரம்பு. உங்கள் பாய்லர் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

இப்போது போட்டுப் பாருங்கள். 3,000 லிட்டர் கொள்ளும் பாய்லர், மணிக்கு ஒரு டன் ஆவி, கண்டன்சேட் திரும்பி வருவதில்லை. 200 பிபிஎம் தண்ணீர் விட்டால், ப்ளோடவுனே அடிக்காவிட்டாலும் 3,500-ஐத் தொட இரண்டு நாள் ஆகும். 1,000 பிபிஎம் தண்ணீர் விட்டால்? ஏழரை மணி நேரம். ஒரே ஷிஃப்ட்! இந்த 1,000 பிபிஎம் ஒன்றும் கடல் நீர் இல்லை. வேறு வழியில்லாத இடத்தில் குடிக்கவே 2,000 வரை இந்தியத் தரநிலை இடம் கொடுக்கிறது. நல்ல தண்ணீரில் ஒரு டன் ஆவிக்கு 60 லிட்டர் வெளியேற்றினால் போதும். இந்தத் தண்ணீருக்கு 400 லிட்டர் வேண்டும். அவ்வளவு வெந்நீரைக் கொட்டினால் விறகுக் கணக்கு தாங்காது, ஆர்.ஓ. போடுவதே மலிவு.

“எங்களிடம் சாஃப்ட்னர் இருக்கிறதே” என்பார்கள். சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். கடினத்தன்மை போகும், டிடிஎஸ் அப்படியே நிற்கும். ரீஜெனரேஷன் முடிந்து சரியாக அலசாமல் லைனில் போட்டால் உப்புத் தண்ணீரே நேராக ஃபீட் டேங்கில் இறங்கும். பாய்லரின் ஆண்டுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது என்ற தைரியமும் வேண்டாம். நேற்று ராத்திரி போர் மாற்றியது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

டிடிஎஸ் எல்லை மீறினால் உள்ளே தண்ணீர் நுரைக்கும். கேஜ் கிளாஸில் மட்டம் குதிக்கும், ஆவி லைன் டம்டம் என்று அடிக்கும், வால்வுகளில் வெள்ளையாய் உப்புப் பூக்கும். ஆவி நேரே பண்டத்தில் இறங்குகிற ஆலையில் பாய்லர் தண்ணீரும் அதில் போட்ட கெமிக்கலும் ஜவ்வரிசியிலேயே போய் விழும். அதைவிடப் பயங்கரம், நுரையைத் தண்ணீரென்று லெவல் புரோப் நம்பிவிடுவது. பம்ப் ஓடாது, அலாரம் அடிக்காது, உள்ளே டியூப் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும்.

ஆகவே போரோ டேங்கரோ மாறிய அன்றே ஃபீட் தண்ணீரையும், ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை பாய்லர் தண்ணீரையும் மீட்டரில் பாருங்கள். சாம்பிளைக் கூலர் வழியாக எடுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பிடித்தால் ஒரு பகுதி ஆவியாகி மீட்டர் பொய் சொல்லும். ப்ளோடவுனை ஒரேயடியாக நீளமாய்த் திறக்காமல் சிறிது சிறிதாக, அடிக்கடி அடியுங்கள்.

மட்டம் குதிக்க ஆரம்பித்தால் தீயைக் கூட்டாதீர்கள். ஆவி எடுப்பதைக் குறைத்து, விட்டுவிட்டு ப்ளோடவுன் அடித்து, புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். கிளாஸில் தண்ணீரே தெரியவில்லையா? ஃபீட் பம்ப்பைத் தொடாதீர்கள். காய்ந்த டியூபில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். தீயை நிறுத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், பாய்லர் தானாக ஆறட்டும். ஆறிய பிறகும் தகுதியுள்ளவர் உள்ளே பார்த்துச் சொல்லும்வரை பற்றவைக்கக் கூடாது, வெளியே எத்தனை லோடு கிழங்கு காத்துக் கிடந்தாலும்!