குதுப் மினாரின் தொலைந்த உச்சி

முகையூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கேமரா வராத காலத்துல அச்சான கட்டடப் படங்களை எவ்வளவு நம்பலாம்?" செம கேள்வி. இதுக்கு டெல்லி குதுப் மினாரை எடுத்துக்கலாம்.

குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலோட மினார் இது. கட்ட ஆரம்பிச்சது 12ஆம் நூற்றாண்டின் கடைசியில். இடி விழுந்து சேதமானப்போ ஃபிரோஸ் ஷா துக்ளக் மேல்பகுதியைத் திருப்பிக் கட்டினார். 1803 நிலநடுக்கத்துல உச்சியில இருந்த குவிமாடம் விழுந்துடுச்சு.

தாமஸ் டேனியலும் அவரோட சகோதரர் மகன் வில்லியமும் டெல்லிக்குப் போனது 1789ல், அதாவது நிலநடுக்கத்துக்கு 14 வருஷம் முன்னாடி. (1792ல் நம்ம மதுரைப் பக்கமும் வந்தாங்க.) ஆனா அவங்க குதுப் மினார் படம் லண்டன்ல அச்சானது 1808ல்! வாங்கினவங்க பார்த்தது, அப்போ டெல்லியில இல்லாத ஒரு நிலையை.

அந்த அச்சுமுறை பேர் அக்வாடின்ட். செப்புத் தகட்டுல பிசின் பொடி தூவி, சூடாக்கி ஒட்டவைப்பாங்க. அப்புறம் அமிலத்துல முக்குவாங்க. பொடிக்கு நடுவுல இருக்கிற செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். அந்த நுண்குழிகள்ல மை நிற்கும். எவ்வளவு நேரம் ஊறுதோ அவ்வளவு கருமை. வெளிச்சமா வேணும்கிற இடத்தை வார்னிஷ் பூசி முன்னாடியே மறைச்சிடுவாங்க. வண்ணம்? ஒவ்வொரு தாள்லயும் கையால தீட்டினது. டேனியல்கள் வரைய கேமரா அப்ஸ்குராங்கிற இருட்டுப்பெட்டியைப் பயன்படுத்தினவங்க. காட்சியோட பிம்பம் தாள்ல விழும், மேலேயே கோடு போடலாம். அதனால வடிவத்தையும் அளவையும் ஓரளவு நம்புவேன். வானத்தோட நிறத்தை நம்ப மாட்டேன்.

படம் சின்னதா, தோராயமா இருந்தா என்ன சிக்கல்னு பாருங்க. ஜேம்ஸ் பிளன்ட்னு ஒரு ராணுவ இன்ஜினியர் 1794ல் மினாரைப் பார்த்து எழுதின குறிப்போட ஒரு சிறு படமும் வந்தது. சிவப்பு கிரானைட்டால ஆன கம்பீரமான குவிமாடம்னு வர்ணிச்சார். அதை மட்டும் வச்சு பழைய உச்சியை அப்படியே மறுபடி கட்ட முடியாது.

1828ல் பழுதுபார்த்து முடிச்ச ராபர்ட் ஸ்மித், தன் கற்பனையில ஒரு மண்டபத்தை உச்சியில வச்சார். மினாரோட அது ஒட்டவே இல்லைன்னு விமர்சனம். 1848ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் உத்தரவுல இறக்கிட்டாங்க. இன்னைக்கும் அது கீழே புல்வெளியில நிற்குது. பேரு 'ஸ்மித்ஸ் ஃபாலி'.