இரத்த அணுவைச் சுற்றி ஏன் ஒரு பெட்டி?

பத்தாம் வகுப்பு அறிவியலில் விலங்குகளின் சுற்றோட்டம் பாடத்தை நடத்தி முடித்த மறுவாரம் மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி இரத்தக் குழாயையும் அதற்குள் சிவப்பணுக்களையும் அழகாக வரைந்து பாகங்களைக் குறித்திருந்தாள். ஆனால், ஒவ்வொரு சிவப்பணுவைச் சுற்றியும் அளவுகோல் வைத்து ஒரு சதுரம் போட்டிருந்தாள்.

"இந்தப் பெட்டி எதுக்கும்மா?"

"நீங்க போட்ட வீடியோவுல இருந்துச்சே டீச்சர்."

மேலும் நான்கு குறிப்பேடுகளில் அதே சதுரம் இருந்தது. ஒரு மாணவன் அதற்கு அம்புக்குறி போட்டு 'செல் சுவர்' என்று பெயரும் எழுதியிருந்தான். விலங்கு செல்லுக்குச் செல் சுவர் கிடையாது என்று ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அந்தக் காணொலி நானே தயாரித்தது. சிவப்பணுவை இங்க்ஸ்கேப் மென்பொருளில் வரைந்து, ஓப்பன்ஷாட் மென்பொருளில் அசைய வைத்திருந்தேன். இரண்டுமே கட்டணமில்லாதவை. அணுக்கள் நகரும்போது வெள்ளைக் கட்டங்களும் சேர்ந்து நகர்வதை நானும் பார்த்தேன். 'பாடம் புரிந்தால் போதும், அழகு எதற்கு?' என்று விட்டுவிட்டேன். பாடம் தெரிந்த எனக்கு அது படத்தின் குறை. பாடத்தை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு அது பாடத்தின் ஒரு பகுதி. இந்த வேறுபாடு புரிந்த பிறகுதான் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

நான்காவது எண்

இங்க்ஸ்கேப்பில் நாம் வரைவது வெக்டார் படம். வட்டம், வளைகோடு, நிறம் ஆகியவை கணக்காகச் சேமிக்கப்படுகின்றன. வட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை. காணொலியோ புள்ளிகளால் ஆனது. படம் காணொலிக்குள் போகும்போது செவ்வக வடிவில் அடுக்கிய புள்ளிகளாக மாறுகிறது. அப்போது வட்டத்துக்கு வெளியே உள்ள மூலைகளிலும் புள்ளிகள் இருந்தாக வேண்டும். அங்கே 'எதுவும் இல்லை' என்பதை எப்படிக் குறிப்பது?

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. இவற்றோடு ஆல்ஃபா என்ற நான்காவது எண்ணைச் சேர்க்கிறார்கள். வழக்கமான படங்களில் இதன் மதிப்பு 0 முதல் 255 வரை. 0 என்றால் முழுமையாக ஒளி ஊடுருவும். 255 என்றால் சிறிதும் ஊடுருவாது. 1970களில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கிய முறை இது.

கணித ஆசிரியர்களுக்கு இது எடையிட்ட சராசரிதான். முன்னால் உள்ள இரத்தக் குழாயின் சிவப்பு மதிப்பு 200, பின்னால் உள்ள தசையின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். குழாயின் ஆல்ஃபா பாதி என்றால் திரையில் தெரிவது 200 × 0.5 + 100 × 0.5 = 150. ஆல்ஃபா கால் பங்கு என்றால் 200 × 0.25 + 100 × 0.75 = 125. இந்த நான்காவது எண் வழியில் தொலைந்துவிட்டால் வெற்று மூலைகளை ஏதாவது ஒரு நிறம் நிரப்பிவிடும். பெரும்பாலும் அது வெள்ளை அல்லது கறுப்பு.

எங்கே தொலைகிறது?

முதல் தவறு, கோப்பு வகை. நான் படத்தை ஜே.பெக் வகையில் சேமித்திருந்தேன். ஜே.பெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. பி.என்.ஜி. வகையில் உண்டு.

பி.என்.ஜி.யாக மாற்றிப் பார்த்தேன். பெட்டி போகவில்லை. எங்கள் கணினிப் பயிற்றுநர் வந்து பார்த்து, "மேடம், அணுவுக்குப் பின்னால ஏதாவது வரைஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வரையும்போது கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பக்க அளவுக்கு ஒரு வெள்ளைச் செவ்வகத்தை அடியில் போட்டிருந்தேன். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைச் செவ்வகம் தெரியுமா? அதுவும் சேர்ந்தே ஏற்றுமதியாகியிருக்கிறது.

மூன்றாவது, வாட்ஸ்அப். வீட்டில் வரைந்த பி.என்.ஜி. கோப்பைப் பள்ளிக் கணினிக்குக் கொண்டுவர எனக்கு நானே படமாக அனுப்பியிருக்கிறேன். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு ஜே.பெக்காக மாறிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும். பென் டிரைவ் இன்னும் நல்லது.

இணையத்தில் தேடி எடுக்கும் படங்களிலும் கவனம் தேவை. பின்னணியில் சாம்பல், வெள்ளைக் கட்டங்கள் தெரிந்தால் அது ஒளி ஊடுருவும் படம் என்று நினைத்துவிடுவோம். பல நேரங்களில் அந்தக் கட்டங்களே படத்தில் பதிந்திருக்கும். திரைப்பிடிப்பு எடுத்தாலும் இதே கதைதான்.

இப்போது நான் செய்யும் முறை

1. இங்க்ஸ்கேப்பில் கோப்புப் பட்டியலில் உள்ள ஆவணப் பண்புகளைத் திறந்து, பக்க நிறத்தின் ஆல்ஃபா 0 என்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கேயே கட்டப் பின்னணியைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டால், அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளைச் செவ்வகம் உடனே தெரிந்துவிடும்.

2. தனியாக அசைய வேண்டிய ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக எடுக்கிறேன். குழாய் ஒன்று, சிவப்பணு ஒன்று, வெள்ளையணு ஒன்று. ஒரே சிவப்பணுக் கோப்பைக் காணொலியில் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

3. ஷிஃப்ட், கன்ட்ரோல், இ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஏற்றுமதிப் பலகை வரும். 'தேர்ந்தெடுத்தவை' என்பதோடு, 'தேர்ந்தெடுத்ததை மட்டும் ஏற்றுமதி செய்' என்ற கட்டத்தையும் குறிக்க வேண்டும். அதைக் குறிக்காவிட்டால் பின்னால் உள்ளவையும் கூடவே வரும்.

4. குழாய் போன்று பாதி ஊடுருவித் தெரிய வேண்டியவை பல வடிவங்களால் ஆனவை என்றால், முதலில் அவற்றைக் குழுவாக்கி, குழு முழுவதற்கும் சேர்த்து ஊடுருவும் அளவைக் கொடுக்கிறேன். தனித்தனியாகக் கொடுத்தால் வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள் மட்டும் அடர்ந்து தெரியும்.

5. ஓப்பன்ஷாட்டில் குழாயின் படத்தைக் கீழ்த் தடத்திலும் அணுக்களை மேல் தடங்களிலும் வைக்கிறேன்.

6. கடைசிச் சோதனைதான் மிக முக்கியம். எல்லாவற்றுக்கும் அடியில் அடர் பச்சையில் ஒரு படத்தை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். வெள்ளைப் பின்னணியில் தெரியாத குறை பச்சையில் தெரிந்துவிடும்.

ஓரத்தில் ஒரு வெள்ளை வளையம்

பெட்டி போன பிறகும் சில நேரங்களில் உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும். வட்டத்தின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியாமலிருக்க, ஓரப் புள்ளிகளில் உருவத்தின் நிறத்தையும் பின்னணியையும் மென்பொருள் கலந்து வைக்கிறது. பின்னணி வெள்ளையாக இருந்த படத்தில் வெள்ளையைப் பின்னர் அழித்தால், ஓரத்தில் கலந்த வெள்ளை போகாது. எனவே வெள்ளையை அழிப்பதைவிட, வெள்ளையே இல்லாமல் ஏற்றுமதி செய்வதுதான் சரியான வழி.

இல்லஸ்ட்ரேட்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பயன்படுத்தும் நண்பர்கள் இல்லஸ்ட்ரேட்டர் கோப்பையே நேரடியாக உள்ளே எடுக்கலாம். ஆவணம் ஆர்.ஜி.பி. முறையில் இருக்கட்டும், பி.டி.எஃப். இணக்கத்துடன் சேமியுங்கள். இறக்குமதியின்போது 'காம்போசிஷன்' என்று தேர்ந்தெடுத்தால் அடுக்குகள் பிரிந்தே வரும். பி.என்.ஜி. போன்ற படங்களில் ஓர வளையம் தெரிந்தால், 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' பகுதியில் ஆல்ஃபா 'ஸ்ட்ரெய்ட்' என்பதா, 'பிரீமல்டிப்ளைட்' என்பதா என்று மாற்றிப் பாருங்கள்.

முடித்த காணொலியை வகுப்பில் காட்ட வழக்கமான எம்.பி.4 கோப்பு போதும். ஆனால் அதில் ஒளி ஊடுருவும் தன்மை தங்காது. ஓடும் அணுக்களை மட்டும் எடுத்து இன்னொரு பாடத்தின் மேல் பதிக்க நினைத்தால், பி.என்.ஜி. படத் தொடராகவோ ஆல்ஃபாவுடன் கூடிய வெப்எம் கோப்பாகவோ வெளியிட வேண்டும். வெக்டார் மூலக் கோப்பான எஸ்.வி.ஜி.யை மட்டும் எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள். அது இருந்தால் எதையும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

திருத்திய காணொலி

பழைய காணொலியையும் புதியதையும் ஹைடெக் ஆய்வகத்தில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். "முதல் படத்துல இருந்த பெட்டி டீச்சர் செஞ்ச தப்பு. சிவப்பணுவுக்குப் பெட்டியும் கிடையாது, செல் சுவரும் கிடையாது" என்று சொன்னேன். சதுரம் வரைந்த ஐந்து பேரும் அழிப்பான் எடுத்து அழித்தார்கள். 'செல் சுவர்' எழுதிய மாணவன் கைதூக்கி, "அப்போ அந்தக் குழாயைச் சுத்தி இருக்கிற கோடு நிஜமா, அதுவும் தப்பா டீச்சர்?" என்று கேட்டான். அது நிஜம்தான், இரத்தக் குழாயின் சுவர் என்று விளக்கினேன். இப்போதெல்லாம் காணொலி தயாரித்ததும் முதலில் அவனைக் கூப்பிட்டுத்தான் போட்டுக் காட்டுகிறேன்.